பெத்தவளுக்குச் சோறு

நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி மகள், எட்டாம் மாசத்தில் ஒரு படம் அனுப்பினாள். ஃப்ரீசரைத் திறந்துவைத்து எடுத்த படம். மேல்தட்டில் சின்னச் சின்ன டப்பாக்கள். கீழ்த்தட்டில், ஜிப் உறைகளில் தட்டையாக உறையவைத்த சாம்பாரும் பருப்பும் புத்தகம் அடுக்கினாற்போல் நெட்டுக்குத்தாக நின்றன. ஒவ்வொன்றிலும் காகித நாடா ஒட்டித் தமிழில் எழுதியிருந்தாள். ‘மிளகு குழம்பு, பூண்டு நிறைய, 2 பேருக்கு’ என்று ஒன்றில். அதன் கீழே தேதி.

தொட்டில், துணி, குழந்தையைக் காரில் உட்காரவைக்கும் இருக்கை என்று அதற்கு முன்பும் நிறையப் படங்கள் வந்திருந்தன. நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தது இந்த ஃப்ரீசர் படத்தைத்தான். அந்த வீட்டில் வாங்கிச் சேர்த்ததெல்லாம் வரப்போகிற குழந்தைக்கு. பெறப்போகிறவளுக்கென்று சேர்ந்தது இது ஒன்றுதான்.

அவள் அம்மா அங்கே போவதற்குள் குழந்தை பிறந்துவிடலாம் என்பதால் அவளும் மாப்பிள்ளையும் சனி, ஞாயிறுகளில் சமைத்துச் சேர்த்தார்கள். சமைக்கும்போது எனக்குப் போன் வரும். “அத்தை, முருங்கைக்காய் சாம்பாரை உறைய வைக்கலாமா?” “காயைப் போடாம வைட்டி. உறைஞ்சு இளகினா நாரும் சக்கையுமாப் போயிரும். சாப்பிடுத அன்னைக்கு வேற காயை வேகவச்சுச் சேத்துக்கோ.” உருளைக்கிழங்கு மணல் மணலாகிவிடும். மோர்க்குழம்பு திரிந்துபோகும். அவித்த முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும். தேங்காய்ப்பால் தண்ணீரும் கொழுப்புமாகப் பிரிந்துவிடுவதால் சொதிக்கு அங்கே இடமில்லை. திருநெல்வேலிப் பெண்ணுக்கு அது பெரிய குறை. புளிக்குழம்பும் பருப்பும் வேகவைத்த கொண்டைக்கடலையும் துருவிய தேங்காயும் போனபடியே திரும்பி வரும். இட்லிகூட நன்றாக உறையும். எடுத்துத் தண்ணீர் தெளித்து ஆவியில் காட்டினால் போதும்.

இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லச் சொல்ல, அம்மாவைப் பெத்த ஆச்சியின் நினைப்பாகவே இருந்தது எனக்கு. அம்பாசமுத்திரத்தில் ஆச்சி வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. ஆனால் என் சித்திமார் பேறுகாலத்துக்கு வந்தபோதெல்லாம் ஆச்சி செய்ததும் இதே வேலைதான். சமையலை முன்கூட்டியே செய்து நிறுத்திவைக்கிற வேலை.

எந்த மாசம் பேறுகாலம் என்று தெரிந்ததுமே ஆச்சியின் கணக்கு தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் என்றால் சித்திரையிலேயே வத்தல் போட்டாக வேண்டும், மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? மிளகுதக்காளிக் காய்களை உப்புப் போட்ட மோரில் ராத்திரி ஊறவிடுவாள். காலையில் வடித்துத் தட்டட்டியில் ஓலைப்பாயில் பரப்புவாள். சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுவாள். மோர் முழுவதையும் காய் குடித்து, பச்சை போய்க் கறுத்து, சுருங்கி, சுளகில் போட்டுப் புடைத்தால் கலகலவென்று சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால்தான் பரணிக்குள் போகும். சுண்டைக்காய்க்கும் இதே முறை. வேப்பம்பூவை மட்டும் நிழலில் காயவைத்துச் சருகாக எடுத்து வைப்பாள்.

பேறுகாலத்துக்கு ஒரு மாசம் இருக்கும்போது மருந்து கிண்டுவாள். சுக்கு, மிளகு, திப்பிலி, கண்டந்திப்பிலி, சித்தரத்தை, ஓமம், சீரகம் எல்லாவற்றையும் தனித்தனியாக வறுத்து உரலில் இடித்து, வேட்டித் துணியில் சலித்து வைத்திருப்பாள். உடன்குடிக் கருப்பட்டியைக் கரைத்து, மண் போக வடிகட்டி, வெண்கல உருளியில் பாகு காய்ச்சுவாள். பொடியைத் தூவித் தூவிக் கிண்டுகிறபோது வீடு முழுக்கக் காரம் ஏறிப் பிள்ளைகள் நாங்கள் இருமுவோம். நல்லெண்ணெயையும் நெய்யையும் மாற்றி மாற்றி விடுவாள். ஊற்றிய எண்ணெயை முதலில் மருந்து குடித்துக்கொண்டே இருக்கும். பிறகு ஒரு கட்டத்தில் உருளியை விட்டு ஒன்றாகத் திரண்டு, குடித்த எண்ணெயை ஓரத்தில் கக்கும். அதுதான் பதம். கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பாள். ஒட்டாமல் உருண்டு வந்தால் அடுப்பை அணைப்பாள். ஆறியதும் பரணியில் வழித்து வெள்ளைத்துணியால் வேடு கட்டிவிடுவாள். அதற்குப் பிறகு ஒரே சட்டம்தான்: ஈரக்கை படக்கூடாது.

அந்தச் சட்டத்துக்குள்தான் விஷயம் எல்லாம் இருக்கிறது. உணவைக் கெடுக்கிற நுண்ணுயிர்களுக்கு வேண்டியது தண்ணீர். வெயில் தண்ணீரை வெளியேற்றிவிடுகிறது. உப்பும் கருப்பட்டியும் இருக்கிற தண்ணீரைத் தங்களோடு கட்டிக்கொண்டு, நுண்ணுயிர்களுக்கு விடுவதில்லை. ஃப்ரீசர் தண்ணீரைப் பனிக்கட்டியாக்கிக் குளிரில் பூட்டிவிடுகிறது. ஆச்சியின் பரணியும் தம்பி மகளின் ஃப்ரீசரும் செய்வது ஒரே வேலை.

ஆனால் ஃப்ரீசரில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பூஜ்யத்துக்குக் கீழே 18 டிகிரி செல்சியஸில் நுண்ணுயிர்கள் சாவதில்லை. வளராமல் கிடக்கின்றன, அவ்வளவுதான். அதனால் சமைத்ததை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைத்திருக்கக் கூடாது. அகலப் பாத்திரத்தில் சீக்கிரம் ஆறவைத்து உள்ளே வைத்துவிட வேண்டும். எடுத்ததைக் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்க வேண்டும். சோற்றில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. அதில் வருகிற ஒருவகை நுண்ணுயிர் வித்துகள் கொதியிலும் பிழைத்து, வெளியே கிடக்கிற சோற்றில் பெருகும்.

தட்டையாக உறையவைப்பதற்கும் காரணம் இருக்கிறது. கிளாரன்ஸ் பேர்ட்சை என்ற அமெரிக்கர் 1912 முதல் சில வருஷங்கள் கனடாவின் லாப்ரடார் பகுதியில் மென்மயிர்த் தோல் வியாபாரம் பார்த்தார். அங்கே இனுயிட் மக்கள் பனிக்கட்டிக்கு அடியிலிருந்து பிடித்து வெளியே எடுத்த மீன், கடுங்குளிர்க் காற்றில் கண்ணெதிரே கல்லாக உறைந்தது. மாசக்கணக்கில் கழித்து இளக்கிச் சமைத்தால் அன்று பிடித்ததுபோல் இருந்தது. மெதுவாக உறைந்தால் பனிப்படிகம் பெரிதாக வளர்ந்து தசையைக் கிழித்துவிடும். சட்டென்று உறைந்தால் படிகம் சின்னதாக நின்றுவிடும். இதைப் புரிந்துகொண்டு ஊர் திரும்பியவர் அதற்கு இயந்திரம் செய்தார். 1930-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரக் கடைகளில் அவருடைய உறைந்த உணவுகள் விற்பனைக்கு வந்தன. மெல்லிய உறையில் தட்டையாகப் பரத்திய சாம்பார், டப்பாவில் ஆழமாக ஊற்றியதைவிடச் சீக்கிரம் உறைவதும் இந்தக் கணக்கில்தான். இனுயிட் மக்கள் வாழ்ந்து அறிந்த ஒன்று, நியூ ஜெர்சியில் எங்கள் பெண்ணின் பருப்பைக் காப்பாற்றுகிறது. நினைக்க நினைக்க எனக்கு ஆனந்தமாக இருக்கிறது.

நம் ஊரில் ஃப்ரீசரை முழுக்க நம்ப முடியாது. மின்சாரம் போனால், நிறைந்திருக்கிற ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் விட்டால் 2 நாள் தாங்கும். பாதிதான் நிறைந்திருந்தால் ஒரு நாள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பல இடங்களில் அதற்கு மேலும் மின்சாரம் இல்லை. அப்படிப்பட்ட நாளில் கைகொடுப்பது சுண்டவத்தலும் அங்காயப் பொடியும்தான். சுடுசோற்றில் நல்லெண்ணெயை விட்டு, வேப்பம்பூவும் சுண்டவத்தலும் மிளகும் சுக்கும் கறிவேப்பிலையும் சேர்ந்த அந்தப் பொடியைப் பிசைந்தால் ஒரு வேளை முடிந்தது. அமெரிக்காவுக்குள் பச்சைக் கறிவேப்பிலையைக் கொண்டுபோக விடமாட்டார்கள். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்புகிற பூச்சி அந்த இலையில் குடியிருக்கும் என்பது காரணம். அதனால் தம்பி பெண்டாட்டி பெட்டியில் கறிவேப்பிலை பொடியாகித்தான் போனது. துபாய்க்குப் போகிற அம்மாக்கள் மசாலாவிலும் மருந்திலும் கசகசா சேர்க்கக் கூடாது. அங்கே அதற்குத் தடை. ஒவ்வொரு நாட்டின் சட்டத்துக்கும் ஏற்ப நம் பேறுகாலச் சமையல் கொஞ்சம் கொஞ்சமாக மாறிக்கொண்டிருக்கிறது.

தம்பி மகள் இவ்வளவு அவசரமாகச் சேர்த்ததற்கு அந்த நாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 1993-ஆம் வருஷச் சட்டப்படி அங்கே பெற்றவளுக்கு 12 வாரம் விடுப்பு உண்டு, சம்பளம் கிடையாது. சின்ன நிறுவனங்களுக்கு அந்தச் சட்டமும் பொருந்தாது. இந்தியாவில் 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பேறுகாலத்துக்கு 26 வாரம், சம்பளத்தோடு. தமிழ்நாட்டு அரசு 2015-இல் அரசு மருத்துவமனைகளில் கொடுக்கத் தொடங்கிய குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் குழந்தைக்கான சோப்பு, துண்டு, கொசுவலை, கிலுகிலுப்பை எல்லாவற்றோடும் தாய்க்கென்று சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்தது. அந்தப் பட்டியலில் லேகியத்தைச் சேர்க்கத் தோன்றியவரை நான் மனதார வாழ்த்துகிறேன்.

ஆச்சி வீட்டில் நான் கண்ட இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் ஆண்கள் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, வேலைக்காரர்கள் சாப்பிட்டு, கடைசியாகத்தான் பெண்கள் தட்டெடுப்பார்கள். சட்டியில் எஞ்சியதுதான் அவர்களுக்கு. சித்தி பெத்துக் கிடந்த நாள்களில் மட்டும் இது தலைகீழாகிவிடும். தாத்தா பசியோடு உட்கார்ந்திருந்தாலும் முதல் சோறு சித்திக்கு. விடிந்ததும் மருந்து உருண்டை. பிறகு உளுந்தங்களி, நடுவில் குழியிட்டு நல்லெண்ணெய் விட்டு. மத்தியானம் பூண்டுக்குழம்பு, சில நாள் பால்சுறாப் புட்டு. ஆச்சி பக்கத்திலேயே உட்கார்ந்து, சித்தி கடைசிக் கவளம் வரை உண்பதைப் பார்ப்பாள். பெரியவளானதிலிருந்து கடைசியில் சாப்பிட்டுப் பழகியவள், வாழ்க்கையில் முதலில் சாப்பிட்டது அந்தக் கொஞ்ச நாள்தான். சித்திரையில் தொடங்கி ஆச்சி பட்ட பாடெல்லாம் இந்த முதல் சோற்றுக்காகத்தான்.

அது செல்லம் கொடுப்பது மட்டுமில்லை, அவசியம். பாலூட்டுகிற பெண்ணுக்கு முதல் 6 மாசம் நாளொன்றுக்கு 600 கிலோகலோரி கூடுதலாக வேண்டும் என்கிறது ஐசிஎம்ஆரின் பரிந்துரை. நடுராத்திரியில் பால் கொடுத்து முடித்ததும் வயிற்றைக் கிள்ளுகிற பசியைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். ஒன்றை மட்டும் நான் ஆச்சி சொன்னபடி தம்பி மகளுக்குச் சொல்லவில்லை. பெத்தவள் தண்ணீர் அதிகம் குடிக்கக் கூடாது என்பாள் ஆச்சி. தாகம் தீரக் குடிக்க வேண்டும், காயும் பழமும் விலக்காமல் உண்ண வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். அவர்கள் சொல்வதே சரி.

பூண்டு விஷயத்தில் ஆச்சிக்கு ஒரு நல்ல துணை கிடைத்திருக்கிறது. நியூ ஜெர்சிக்குப் பக்கத்திலேயே ஃபிலடெல்ஃபியாவில், சுவையையும் மணத்தையும் ஆராய்கிற மோனெல் நிறுவனத்தில் ஜூலி மென்னெல்லாவும் கேரி போஷாம்பும் செய்த ஆய்வு ஒன்று 1991-இல் வெளிவந்தது. தாய்மாருக்குப் பூண்டு கொடுத்தபோது சில மணி நேரத்தில் தாய்ப்பாலில் அந்த மணம் ஏறியது. குழந்தைகள் முகம் சுளிக்கவில்லை. வழக்கத்தைவிட அதிக நேரம் மார்போடு ஒட்டிக்கிடந்தன. சித்தியின் தட்டில் ஆச்சி குழம்பை ஊற்றியபோது, அந்த வீட்டுச் சமையலின் முதல் ருசி பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. ‘பூண்டு நிறைய’ என்று நாடாவில் எழுதிய பெண்ணும் அதையேதான் கொடுத்திருக்கிறாள்.

கூட்டுக் குடும்பம் போய்விட்டதே என்று அழுவதில் பயனில்லை. ஆச்சியின் கை இல்லாத வீட்டில் மாப்பிள்ளையின் கை இருக்கிறது. டப்பாவை எடுத்துச் சூடாக்க அவருக்கு நாடாவில் எழுதியது போதும். கொங்குப் பக்கத்தில் இன்றும் மாசமாக இருக்கிற பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் விதவிதமாகச் சமைத்துக் கட்டுச்சோறு கொண்டுவந்து போடுகிறார்கள். வெளியே சமைத்து அவள் வாசலுக்குக் கொண்டுபோகிற வழக்கம் நம்மிடம் இருக்கவே இருக்கிறது. அதைப் பிள்ளை பிறந்த பிறகும் நீட்டிக்கொள்வதுதான் பாக்கி.

அதனால் யார் வீட்டுக்காவது பிள்ளை பார்க்கப் போகிறீர்கள் என்றால், நாலாவது கிலுகிலுப்பையும் ஏழாவது சட்டையும் வேண்டாம். அவள் என்ன சாப்பிடலாம் என்று கேட்டு, ஒரு டப்பா குழம்பும் ஒரு டப்பா பொரித்த வத்தலும் கொண்டுபோங்கள். மூடியில் பெயரும் தேதியும் எழுதுங்கள். அவர்கள் வீட்டில் காப்பியை எதிர்பார்த்து உட்காராதீர்கள். ‘பெத்தவ சாப்பிட்டாளா?’ என்று முதலில் கேளுங்கள். அப்புறம் பிள்ளையைக் கையில் வாங்குங்கள்.