சாணை பிடிக்கலையோ... சாணை!

குன்றத்தூர் போனா முருகன் மலையையும், சேக்கிழார் கோயிலையும் பார்த்துட்டு உடனே பஸ் ஏறிடாதீங்க பாஸ். கடைத்தெருவுல, சைக்கிள் பெடலை மிதிச்சு சாணை பிடிக்கிற தாத்தாவைத் தேடுங்க.

அம்மாவோட இரும்புக் கத்தியை நீட்டினேன். ரெண்டு தீட்டு, தண்ணியில ஒரு முக்கு. "ஏன் தாத்தா?"

"சூடேறி நீலம் பூத்தா கத்தி காலி தம்பி!"

மெட்டலர்ஜி பேப்பர்ல நான் கோட்டைவிட்ட அதே 'டெம்பரிங்'! 300 டிகிரியை நெருங்கினா எஃகு நீலமாகும்; பட்டறையில ஏத்தின கடினம் இறங்கிடும். அப்புறம் எத்தனை தடவை தீட்டினாலும் கூர் நிக்காது. ஒரகடம் ஃபேக்டரிகள்ல சூட்டை மீட்டர் காட்டும். இங்கே கண்ணுதான் மீட்டர்.

கிளம்பும்போது ஓசி டிப்ஸ்: "நறுக்கினதும் கழுவித் துடைச்சு வை. ஈரம்தான் எமன்."

உங்க தெருவுல அந்தக் குரல் கேட்டா, இயர்போனைக் கழட்டிட்டு ஓடுங்க!