நாக்குக்குக் கீழே



நோன்புக்கு இன்னும் மூன்று கிழமைதான் இருக்கிறது. அதற்கு முன்னர் இதை எழுதிப் போட்டுவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்துதான் முடிவெடுத்தோம். வாப்பாவிடமும் கேட்டோம். "எழுதுங்க, நாலு பேருக்குப் பிரயோசனப்படட்டும். ஆனா என்ட படத்தைப் போட்டுடாதீங்க" என்றார். அதனால் படம் இல்லை. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

ஊரில் எங்கள் வாப்பாவைத் தெரிந்தவர்களுக்கு அவருடைய நெஞ்சு நோவும் தெரியும். மாதா மாதம் கிளினிக் போவார், கொப்பியோடும் ஒரு பை நிறையக் குளிசையோடும் வருவார். அந்தப் பையில் ஒரு சின்னக் கபில நிறக் கண்ணாடிப் போத்தலும் இருக்கும். மற்றக் குளிசைகள் தண்ணீரோடு விழுங்குவது. இது நெஞ்சு நோ வரும்போது நாக்குக்குக் கீழே வைப்பது. இதை மருந்து கொடுக்கிற ஜன்னலில் ஒரு தடவை சொன்னார்கள். பின்னால் நாற்பது பேர் நிற்கிற வரிசை. ஏழு வகை மருந்தோடு ஏழாவதாக அதையும் கேட்டுத் தலையை ஆட்டிவிட்டு வந்தோம்.

நாலு வருஷத்துக்கு முன்னர், சித்திரை வெயிலில் வந்த நோன்பு. நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வாப்பா எங்களுக்குத் தெரியாமல் ஸஹருக்கு எழும்பித் தண்ணீர் குடித்து நிய்யத் வைத்துவிடுவார். தெரிந்த பிறகு சண்டை பிடித்தோம். "அறுவது வருஷமா விடாத நோன்பை இப்ப விடச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அதோடு நாங்களும் விட்டுவிட்டோம். உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு வந்து சாய்மனைக் கதிரையில் இருந்தவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே இருந்தார். அடுப்பில் கஞ்சி, வாசலில் சமோசா வாங்கிப் போக வருகிற பிள்ளைகள். உம்மாதான் முதலில் கண்டார். "அந்தக் குளிசைய வைங்களேன்" என்றார். "நோன்பு முறிஞ்சிடும். இன்னும் ரெண்டு மணித்தியாலம்தானே" என்றார் வாப்பா. நாங்களும் அதை மறுத்துப் பேசவில்லை. வாய்க்குள் மருந்து வைத்தால் நோன்பு போய்விடும் என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். விசிறிக்கொண்டு பக்கத்தில் இருந்தோம்.

பாங்கு சொன்னது. பேரீச்சம்பழம் ஒன்று. பிறகு சட்டைப் பையிலிருந்து குளிசையை எடுத்து, கஞ்சிக் கோப்பையைத் தூக்கி, ஒரு மிடறோடு விழுங்கினார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவருக்கும் நாக்கு என்ற ஞாபகம் வரவில்லை. மஃரிப் தொழுது முடிவதற்குள் வேர்த்துக் கொட்டி, முகம் சாம்பல் நிறமாகிவிட்டது.

வார்டில் நின்ற இளம் டொக்டர் எங்களிடம் படித்த பிள்ளை. முதலில் அஸ்பிரினைக் கொடுத்து மென்று விழுங்கச் சொன்னார். ஈசீஜி எடுத்தார். இரவு பதினொரு மணிபோல எங்களைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "டீச்சர், ஓ.எல் வகுப்பில ஈரல் வாயினாளம் நீங்கதானே எங்களுக்குப் படிப்பிச்சீங்க?" என்றார்.

அவர் குத்திக் காட்டவில்லை, சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் எங்களுக்கு அந்த இடத்திலேயே நிலம் பிளந்தால் நல்லது போல இருந்தது. எங்கள் வீட்டில் மூன்று பேர் படிப்பிக்கிறோம், அதில் இரண்டு பேருக்குப் பாடம் விஞ்ஞானம். குடலில் உறிஞ்சப்படுவதில் பெரும்பகுதி ஈரல் வாயினாளம் வழியாக முதலில் ஈரலுக்குப் போகிறது, பிறகுதான் உடம்புக்குப் போகிறது என்று வருஷா வருஷம் கரும்பலகையில் படம் கீறுகிறோம். கட்டாரிலிருந்து வருகிற மச்சானின் பெட்டி சுங்கத்தைத் தாண்டித்தானே வீட்டுக்கு வரும், அது மாதிரி என்று உதாரணமும் சொல்லுவோம். ஆனால் வாப்பா விழுங்கிய குளிசைக்கும் அந்தச் சுங்கம் இருக்கிறது என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அந்தக் குளிசையின் பெயர் கிளிசரைல் ட்ரைநைட்ரேட். ஜீ.ரீ.என் என்பார்கள். ஒன்றில் 0.5 மில்லிகிராம், ஒரு கடுகளவும் இல்லை. விழுங்கினால் ஈரல் அதில் பெரும்பகுதியை உடைத்துவிடும். இதயத்துக்கு வந்து சேருவது ஒன்றுமில்லாத மாதிரி. நாக்குக்குக் கீழே வைத்தால் கதை வேறு. அங்கே தோல் மெல்லியது, கண்ணாடியில் பார்த்தால் நீல நாளங்களே தெரியும். அந்த இரத்தம் கழுத்து வழியாக மேற்பெருநாளத்துக்கு வந்து நேரே இதயத்துக்குள் இறங்குகிறது. ஈரலைச் சந்திக்காமல் வருவதால், ஒன்று இரண்டு நிமிஷத்தில் வேலை தொடங்கும். அரை மணித்தியாலம் போல நிற்கும்.

இது நைட்ரோகிளிசரின்தான். ஆல்ஃபிரட் நோபல் 1867இல் டைனமைட் செய்த அதே பொருள். அதை 1847இல் முதலில் செய்த இத்தாலிக்காரர் சொப்ரேரோ நாக்கில் வைத்துப் பார்த்துத் தலையிடியால் அவதிப்பட்டார். 1879இல் லண்டனில் வில்லியம் மரெல் என்ற டொக்டர் நெஞ்சு நோவுக்குக் கொடுத்துப் பார்த்து எழுதினார். நோபலுக்கே கடைசிக் காலத்தில் இதயத்துக்கு இதைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். இதைப் பிறகு வகுப்பில் சொன்னோம், பின் வாங்கில் நித்திரை கொள்கிறவனும் எழும்பிவிட்டான்.

அன்றிரவு வாப்பாவின் கையில் ஏறிக்கொண்டிருந்ததும் ஜீ.ரீ.என்தான், நாளம் வழியாகச் சொட்டுச் சொட்டாக. நெஞ்சில் ஒட்டுகிற பிளாஸ்டர் மாதிரியும் வருகிறது என்று அந்தப் பிள்ளை சொன்னார். அது தோல் வழியாக மெதுவாகப் போகும், இரவில் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் உடம்பு மருந்துக்குப் பழகிவிடும். நாக்குக்குக் கீழே அடிக்கிற ஸ்பிரேயும் உண்டு. விலை கூட, ஆனால் நாள்பட இருக்கும். வாப்பா காலையில் விழுங்குகிற குளிசையில் ஒன்றும் இதன் தம்பி முறைதான், ஐசோசோர்பைட் மொனொநைட்ரேட். அது ஈரலைத் தாண்டினாலும் கெடாது, ஆனால் நேரமெடுத்து வேலை செய்யும். நோ வராமல் தடுக்க அது, வந்த நோவுக்கு இது. இந்த வித்தியாசத்தை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்று அப்போது கோபம் வந்தது. கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு மாதமும் எழுதித்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். "அந்தப் போத்தலைக் காட்டுங்க" என்றார். வாப்பா போத்தலைக் கொண்டு திரிவதில்லை. கனம் என்று குளிசைகளை ஒரு பழைய தைல டப்பியில் போட்டு வைத்திருந்தார். எட்டு மாதத்துக்கு மேலாக. இந்த மருந்து காற்றில் பறந்து போகும், பிளாஸ்டிக் அதைக் குடிக்கும், வெயில் அதைக் கெடுக்கும். அதனால்தான் கபிலக் கண்ணாடி, அதனால்தான் இறுக்கமான மூடி. திறந்து எட்டுக் கிழமையில் மாற்ற வேண்டும். டப்பியில் இருந்தது பெரும்பாலும் வெறும் மாத்தூளாகத்தான் இருந்திருக்கும்.

குளிசையை வைத்திருந்தால் அட்டாக் வந்திருக்காதா என்று கேட்டோம். "அப்படிச் சொல்ல ஏலாது டீச்சர். ஆனா வெச்சும் நோ போகாட்டி, அஸருக்கே இங்க கொண்டு வந்திருப்பீங்க" என்றார். அந்த இரண்டரை மணித்தியாலத்தை நாங்கள் இன்னும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறோம். வாப்பாவின் இதயத்தின் ஒரு பக்கம் இப்போது சரியாகச் சுருங்குவதில்லை. கிணற்றடிக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்குகிறது. சுபஹுக்குப் பள்ளிக்குப் போவது அதோடு நின்றது.

நோன்பு விஷயத்தை எங்கள் மஹல்லா மௌலவியிடம் கேட்டோம். அவர் கிதாபை எடுக்கவில்லை, போனை எடுத்தார். ஜித்தாவில் 1997இல் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி எடுத்த தீர்மானத்தைக் காட்டினார். நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற குளிசை நோன்பை முறிக்காது, தொண்டைக்கு வருவதை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும். பிறகு அவர் சொன்னதுதான் வாப்பாவை அழ வைத்தது. "முறிஞ்சாலும் என்ன ஹாஜியார்? நோயாளிக்கு அல்லாஹ் தந்த சலுகைய நீங்க ஏன் வேணாம் என்கிறீங்க?" உங்களுக்கு இதில் வேறு சந்தேகம் இருந்தால் உங்கள் மௌலவியிடம் இப்போதே கேட்டு வையுங்கள். நோ வந்த பிறகு கேட்க முடியாது.

இதோடு எங்கள் வீட்டில் நாக்குக்குக் கீழே என்றாலே ஒரு மரியாதை வந்துவிட்டது. அந்த மரியாதைதான் அடுத்த பிரச்சினையைக் கொண்டு வந்தது.

லண்டனில் இருக்கிற சாச்சாவின் மகன் லீவுக்கு வந்தபோது, உம்மாவின் முழங்கால் நோவுக்கென்று ஒரு சின்னப் போத்தல் கொண்டு வந்தார். சி.பி.டி. எண்ணெய். கஞ்சாச் செடியிலிருந்து எடுப்பது, ஆனால் போதை தராத பகுதி. அங்கே கடைகளில் வெளிப்படையாகவே விற்கிறார்கள். சொட்டுக் குழாயால் நாக்குக்குக் கீழே விட்டு ஒரு நிமிஷம் வைத்திருக்க வேண்டும், "அப்பத்தான் ஈரலுக்குப் போகாம நேரா இரத்தத்துக்குப் போகும்" என்றார். உம்மா உடனே, "வாப்பாட குளிசை மாதிரியா?" என்று கேட்டார். அதோடு உம்மாவுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. எங்களுக்கும்தான்.

இந்த முறை கொஞ்சம் புத்தி இருந்தது. அந்த டொக்டர் பிள்ளைக்கு வட்ஸ்அப்பில் போத்தலைப் படம் எடுத்து அனுப்பினோம். அவர் உடனே கோல் எடுத்தார். நாக்குக்குக் கீழே ஒன்றை வைத்ததற்காக அது அங்கேயே உள்ளே போய்விடாது என்றார். ஜீ.ரீ.என் மிகச் சிறிய அளவு, வைத்தவுடன் கரைந்து மெல்லிய தோலைத் தாண்டிவிடும். சி.பி.டி. தண்ணீரில் கரையாது, அதனால்தான் எண்ணெயில் வருகிறது. எச்சிலும் எண்ணெயும் சேருமா? ஒரு நிமிஷம் வைத்திருந்தாலும் பெரும்பகுதி எச்சிலோடு தொண்டையால் இறங்கிவிடும், அதாவது விழுங்கினதாகத்தான் முடியும். முறையாகப் பரிசோதித்து, 2018இல் அமெரிக்காவில் பிள்ளைகளின் கடும் வலிப்பு நோய்க்கு அனுமதித்த சி.பி.டி. மருந்து எபிடியோலெக்ஸ். அதுவும் நல்லெண்ணெயில்தான் வருகிறது, ஆனால் விழுங்கத்தான் கொடுக்கிறார்கள். கொழுப்புள்ள சாப்பாட்டோடு எடுத்தால் இரத்தத்துக்குப் போகிற அளவு பல மடங்கு கூடுமாம். புகையாக இழுத்தால் எல்லாவற்றையும் விட வேகம், ஆனால் கேடு நெஞ்சுக்கு. முழங்காலில் பூசினால் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடும்.

முன்பு பிறஷர் கூடினவர்களுக்கு நிஃபெடிபின் குளிசையைக் குத்தி நாக்குக்குக் கீழே விடுவார்கள், பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுவும் இதே கதைதானாம். நாக்குக்குக் கீழே அது சரியாக உறிஞ்சப்படவே இல்லை, விழுங்கின பகுதிதான் வேலை செய்தது. பிறஷரைத் திடீரென்று விழுத்தி ஆபத்தும் வந்ததால் 1990களில் அதைக் கைவிடச் சொல்லிவிட்டார்கள்.

இதெல்லாம் சொல்லிவிட்டுத்தான் அவர் முக்கியமானதைக் கேட்டார். "உம்மா வாபரின் எடுக்கிறா தானே?" உம்மாவுக்கு இதய வால்வு மாற்றினது. இரத்தம் உறையாமல் இருக்க வாபரின், மாதா மாதம் இரத்தப் பரிசோதனை. சி.பி.டி. எந்த வழியால் போனாலும் கடைசியில் ஈரலுக்குத்தான் வரும். வந்து, வாபரினை உடைக்கிற வேலையை மந்தமாக்கும். இரத்தத்தில் வாபரின் கூடும், எங்கேயாவது கசியத் தொடங்கும். "முழங்காலுக்குக் குடுத்து மூளையில இரத்தம் போனா என்ன டீச்சர் செய்வீங்க?" என்றார். நம் நாட்டில் கஞ்சா சட்டத்தால் தடுக்கப்பட்ட பொருள், அந்தப் போத்தலை வீட்டில் வைத்திருப்பதே வில்லங்கம் என்றும் சொன்னார்.

சாச்சாவின் மகனுக்கு முகம் சுருங்கிவிட்டது. பாவம், பெரியம்மா மேல் இருக்கிற பாசத்தில் கொண்டு வந்தவர். உம்மா அவருக்கு வட்டிலப்பம் செய்து கொடுத்துச் சமாளித்தார். எண்ணெயைக் கிணற்றடி வாழைக்கு ஊற்றினார். வாழை நன்றாகத்தான் இருக்கிறது.

இப்போது வாப்பா நோன்பு பிடிப்பதில்லை, பித்யா கொடுக்கிறோம். அவருக்கு டொக்டர் எழுதித் தந்த ஒழுங்கு இது. நோ வந்தால் முதலில் இருக்க வேண்டும், நின்றுகொண்டு வைத்தால் தலை சுற்றி விழலாம். ஒரு குளிசை நாக்குக்குக் கீழே. ஐந்து நிமிஷத்தில் போகாவிட்டால் இரண்டாவது. அதற்கும் ஐந்து நிமிஷத்தில் போகாவிட்டால் 1990க்கு அடிக்க வேண்டும், வானுக்குக் காத்திருக்கக் கூடாது. தலையிடி வந்தால் பயமில்லை, மருந்து வேலை செய்கிறது. ஆண்மைக்கென்று விற்கிற சில்டெனஃபில் வகைக் குளிசை எடுக்கிறவர் இதை வைக்கவே கூடாது, பிறஷர் விழுந்துவிடும். வெட்கப்படாமல் டொக்டரிடம் சொல்லுங்கள். உங்கள் வீட்டு நோயாளிக்கு வேறு ஒழுங்கு சொல்லியிருந்தால் அதையே செய்யுங்கள்.

இந்தப் பதிவை வாசித்ததும் உங்கள் வாப்பாவின், மாமாவின் குளிசைப் பையை ஒருக்கால் திறந்து பாருங்கள். எங்கள் போத்தலில் திறந்த திகதியை எழுதி ஒட்டியிருக்கிறோம். வருகிற வெள்ளிக்கிழமையோடு எட்டுக் கிழமை முடிகிறது. ஜும்ஆவுக்கு முன்னர் பாமஸிக்குப் போக வேண்டும்.