பட்டியலைத் துடைக்கும் வேலை

எங்கள் கல்லூரி நூலகம் கோஹாவுக்கு மாறுகிறது. நியூசிலாந்தில் ஹோரோவெனுவா நூலகங்களுக்காக எழுதப்பட்டு, 2000-இல் ஓடத் தொடங்கிய கட்டற்ற நூலக மென்பொருள் அது. நிறுவுவது எளிது. ஏற்றும் முன் பழைய பதிவுகளைச் சரிசெய்வதுதான் உண்மையான வேலை.

மு. வரதராசன், வரதராசன் மு, மு.வ., டாக்டர் மு. வரதராசனார். ஒரே எழுத்தாளர், பட்டியலில் நான்கு பெயர் வடிவம். அப்படியே ஏற்றினால் அவர் நூல்களைத் தேடும் மாணவிக்குப் பாதி கண்ணிலேயே படாது. தரவைச் சீர்செய்யும் கருவியான ஓபன்ரிஃபைன் ஒத்த எழுத்துள்ள பெயர்களைக் கூட்டிக் காட்டும், மு.வ. யாரென்று வாசித்த ஆள்தான் சொல்ல வேண்டும்.

பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய நூல் தலைப்புகள் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கின்றன. எழுத்துரு மாற்றியில் போட்டால் ஒருங்குறியாகிவிடும். ஆனால் அதே கட்டத்தில் நிஜ ஆங்கிலத் தலைப்பும் இருந்தால் அதுவும் சிதையும். முதலில் பிரித்தே ஆக வேண்டும்.

ஆண்டுதான் என்னை அதிகம் உட்கார வைத்தது. ஒரு பதிவில் பதிப்பாண்டு 2029. அலமாரியிலிருந்து எடுத்துப் புரட்டினால் திருவள்ளுவர் ஆண்டு. 31-ஐக் கழித்தால் 1998. இது எதிர்காலத்தில் இருப்பதால் மாட்டியது. 2016 என்று இருப்பது 1985 ஆகவும் இருக்கலாம், 2016 ஆகவே இருக்கலாம். எந்த நிரலும் இதைப் பிடிக்காது, புத்தகத்தைத் திறந்துதான் பார்க்க வேண்டும். வெளி ஆளிடம் மொத்தமாகக் கொடுத்து முடிக்கிற காரியமில்லை இது.

தமிழ் ஆசிரியர் பெயர்களுக்கு ஒழுங்கான அதிகாரக் கோப்பு (ஒருவருக்கு ஒரே பெயர் வடிவம் என்று வகுத்த பட்டியல்) வைத்திருக்கும் நூலக நண்பர்கள் இன்பாக்ஸுக்கு வாருங்கள். எங்களுடையதையும் தருகிறோம்.