கையெழுத்து வேறு, சம்மதம் வேறு

சின்னச் சுரங்கக் கம்பெனிகள் பங்குதாரர்களுக்கு எழுதும் அறிக்கைகளைக் கொஞ்ச நாளாகத் தேடிப் படிக்கிறேன். எம்.ஏ. தமிழ் படிச்சவளுக்கு இது எதுக்கு என்று தோழர்கள் கேட்கிறார்கள். எனக்குச் சொற்கள்தான் கவலை. ‘முன்னேற்றம்’ என்ற சொல் அவற்றில் விடாமல் வரும். துளை போட்டாச்சு, இத்தனை டன் இருக்கு, ஆய்வறிக்கை தயார், உரிமம் வரப்போகுது, கடன் கிடைச்சா ஆலை, அப்புறம் உற்பத்தி. படிக்கட்டு மாதிரி வரிசை. அந்த மண்ணில் குடியிருக்கிற சனம் இதில் எந்தப் படியில் நிற்கிறது?

தென்னாப்பிரிக்காவில் ஒரு சனம் இதைக் கேட்டது. கிழக்குக் கேப் மாகாணத்தில் பொண்டோலாந்துக் கடலோரம், ஊர் ஹோலொபேனி. அங்கே 22 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரைமணலில் டைட்டானியத் தாது இருக்கிறது. நம்ம மணவாளக்குறிச்சிக் கரையில் அள்ளுகிறார்களே, அதே இல்மனைட்தான். மினரல் கமாடிட்டீஸ் என்கிற ஆஸ்திரேலியக் கம்பெனி கணக்குப் போட்டது: 34.6 கோடி டன் மணல், அதில் 5 சதவீதம் கனத்த தாது.

அந்தக் கணக்கில் வராதது எவ்வளவோ. அமாடிபா மக்கள் அங்கே சோளமும் சர்க்கரைவள்ளியும் சேப்பங்கிழங்கும் போடுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், மீன் பிடிக்கிறார்கள். முன்னோர் கல்லறைகள் வீட்டை ஒட்டியே இருக்கின்றன. நிலத்துக்குத் தனித்தனிப் பட்டா கிடையாது. வழக்கப்படி ஊர் கூடித்தான் முடிவு. 1960இல் வெள்ளை அரசின் நிலத் திட்டத்தை எதிர்த்துப் பொண்டோ மக்கள் எழுந்தார்கள். அந்த ஜூன் 6இல் ங்குசா குன்றில் கூடியிருந்தவர்களைப் போலீஸ் சுட்டதில் 11 பேர் செத்தார்கள். அவர்களுக்கு நிலம்னா இந்த ஞாபகமும் சேர்ந்ததுதான்.

நமக்குக் கசப்பான இடம் இனிமேல்தான் வருகிறது. 2008இல் சுரங்க உரிமம் கொடுத்தது வெள்ளை அரசல்ல, விடுதலைக்குப் பின் வந்த அரசு. திட்டத்தில் உள்ளூர்க் கறுப்பர்களின் கம்பெனி ஒன்றுக்கு 26 சதவீதப் பங்கு வைத்திருந்தார்கள். உள்ளூரிலேயே சிலர் வேலை வரும், ரோடு வரும் என்று கம்பெனி பக்கம் நின்றார்கள். பசியில் இருக்கிறவங்க வேலை கேட்டா அது குற்றமா? இல்லை. ஆனால் ‘நம்மாளுக்கும் பங்கு இருக்கு’ என்று காட்டிவிட்டு, பங்கில்லாத நம்மாளை எழுந்து போகச் சொல்வது எந்த விடுதலை?

அமாடிபா நெருக்கடிக் குழு எதிர்த்து நின்றது. 2011இல் உரிமம் ரத்தானது. 2015இல் கம்பெனி மறுபடி விண்ணப்பித்தது. 2016 மார்ச் 22 அன்று குழுவின் தலைவர் சிகோசிஃபி ராடெபே தன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வந்தவர்கள் போலீஸ் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். கொலைக்கும் தனக்கும் தொடர்பில்லை என்றது கம்பெனி. சனம் பின்வாங்கவில்லை. ஊர்த்தலைவி டுடுசிலே பாலேனி முதல் மனுதாரராக நிற்க, வழக்கு பிரிட்டோரியா உயர்நீதிமன்றத்துக்குப் போனது.

அங்கே மோதிக்கொண்டவை இரண்டு சொற்கள். 2002ஆம் வருடச் சுரங்கச் சட்டப்படி மக்களோடு ‘கலந்து பேசினால்’ போதும் என்றது எதிர்த்தரப்பு. வழக்கப்படி அனுபவிக்கிற நிலத்தைச் ‘சம்மதமில்லாமல்’ பறிக்கக் கூடாது என்கிறது 1996ஆம் வருடச் சட்டம். அது தற்காலிகச் சட்டம், வருசா வருசம் நீட்டிக்கப்படுவது. 2018 நவம்பர் 22 அன்று நீதிபதி அன்னாலி பாசன் தீர்ப்புச் சொன்னார்: மக்களின் முழுமையான, முறைப்படியான சம்மதம் இல்லாமல் அமைச்சர் சுரங்க உரிமம் தர முடியாது.

இதைப் படிச்சப்ப எங்க ஊர்க் கல்குவாரிக் கூட்டம்தான் நினைவுக்கு வந்தது. பந்தல் போட்டு, டீ, பிஸ்கட் கொடுத்து, சேரிச் சனத்திடம் நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள். எங்க சின்னம்மா கைநாட்டு வச்சது. ‘வந்தவங்க கணக்குக்குத்தான்’ என்று சொல்லி வாங்கினது, அப்புறம் காகிதத்தில் ‘ஆட்சேபணை இல்லை’ என்று வந்தது. வெடி வச்சு வீட்டுச் சுவர் விரிஞ்சப்ப சின்னம்மா கேட்டது: “நான் எப்படா சரின்னு சொன்னேன்?”

இந்தக் கேள்வியைத்தான் அமாடிபா மக்கள் கோர்ட்டில் கேட்டு ஜெயித்தார்கள். கலந்து பேசுவது என்றால் ‘எப்படி எடுக்கப் போகிறோம்’ என்று நம்மிடம் சொல்லிவிட்டு எடுப்பது. சம்மதம் கேட்பது என்றால் ‘எடுக்கலாமா’ என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருப்பது. ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமில்லாத ஊரில் ‘சரி’க்கு மதிப்பில்லை.

இந்தப் பக்கங்களைப் படிக்கிற மாணவத் தோழர்களிடம் ஒன்று கேட்கிறேன். கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் சனத்தோடு போய் உட்காருங்கள். நோட்டை வாங்கி மேலே என்ன எழுதியிருக்கு என்று சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘வருகைக்கு மட்டும்’ என்று எழுதச் சொல்லுங்கள். கைநாட்டு வைக்கிறவங்களுக்கு நீங்களே எழுதிக் கொடுங்கள். நாம் படிச்ச படிப்புக்கு இந்த வேலையாவது இருக்கட்டும்.