சீபீல்டு தோட்டத்தில் ஒரு வீடு பார்க்கப் போவோமா?



வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார் என்றார்கள் நம் பெரியவர்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு முதலாவது வேலை இருந்ததே இல்லை. லயத்து வீடு தோட்டத்தார் கொடுத்தது. கூரை ஒழுகினால் ஆபீசில் போய்ச் சொன்னோம். வாசலில் ஒரு முருங்கை, பின்னால் கறிவேப்பிலை, நாலு கோழி என்று நம் இஷ்டத்துக்கு வாழ்ந்தோம். ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு கெடு உண்டு. வேலை நிற்கும் நாளே அந்தக் கெடு. முப்பது வருஷம் குடியிருந்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டி படுக்கையோடு வெளியே நிற்கும்போதுதான், "நமக்கென்று ஒரு கூரை இல்லையே!" என்ற எண்ணம் வருகிறது.

அந்த நாள் வருவதற்கு முன்னாலேயே ஒரு நடை போய்ப் பார்த்து வரலாம், வாருங்கள். குடை ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். கடன் கட்டப் போகிறவர்கள் அவர்கள்தானே!

தோட்டம் நகரமான கதை

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினால் ஷா ஆலம், பத்து தீகா தாண்டிச் சுபாங் ஜெயாவில் இறங்கலாம். 2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து எல்.ஆர்.டி. ரயிலும் இங்கே வந்து, பூத்ரா ஹைட்ஸ் வரை போகிறது. நிலையத்துக்கு வெளியே வந்து சுற்றிப் பாருங்கள். கடைத்தொகுதி, மருத்துவமனை, கல்லூரி, அடுக்குமாடி, கார், கார், மேலும் கார்!

இது ஒரு காலத்தில் சீபீல்டு தோட்டம். பெரட்டு நடந்த மண், பால் வாளி தூக்கிய மண். 1976-ஆம் ஆண்டில் இங்கே வீடமைப்பு வேலை தொடங்கியது. எஸ்.எஸ்.12 முதல் எஸ்.எஸ்.19 வரை பகுதி பகுதியாக வீடுகள் எழுந்தன. 1985-இல் மருத்துவமனை வந்தது. 1988-இல் சுபாங் பரேட் கடைத்தொகுதி திறந்தது. அதே சமயத்தில் தோட்டத்தின் மறுபக்கம் யு.எஸ்.ஜே. என்ற புதிய பகுதி வளரத் தொடங்கியது. 2020-ஆம் ஆண்டு அக்டோபரில் சுபாங் ஜெயா மாநகராகவே ஆகிவிட்டது.

தோட்டத்தின் பெயர் அடியோடு அழிந்துவிடவில்லை. சீபீல்டு என்ற பெயரோடு ஒரு தமிழ்ப்பள்ளி இருக்கிறது. யு.எஸ்.ஜே.25-இல் சீபீல்டு ஸ்ரீ மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. நூறாண்டுக்கு மேல் நம் மக்கள் கும்பிட்ட அம்மன். அந்தக் கோயில் இருந்த நிலத்தின் பட்டா கோயிலின் பெயரில் இருக்கவில்லை. அந்தத் தகராறு முற்றி 2018-ஆம் ஆண்டு நவம்பரில் கலவரமாக வெடித்ததை நாடே பார்த்தது. யார் பக்கம் நியாயம் என்று வழக்காட நாம் இங்கு வரவில்லை. ஒரு பாடத்தை மட்டும் மனத்தில் முடிந்துகொள்வோம்: எத்தனை தலைமுறை இருந்தோம் என்பது வேறு, பட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்பது வேறு.

எத்தனை விதமான வீடுகள்!

இனி வீதிகளுக்குள் நடப்போம். லயம் மாதிரியே ஒட்டி ஒட்டி நிற்கின்றனவே, இவைதான் வரிசை வீடுகள். ஒற்றை மாடியும் உண்டு, இரட்டை மாடியும் உண்டு. 22 அடி அகலமும் 75 அடி நீளமும் உள்ள மனை இந்நாட்டில் அடிக்கடி காணும் அளவு. கணக்குப் போட்டால் 1,650 சதுர அடி. வரிசையின் நடுவில் இருப்பது விலை குறைவு. மூலை வீட்டுக்குப் பக்கத்தில் காலி நிலம் கிடைக்கும், அதற்கு ஏற்ற விலையும் கேட்பார்கள். அடுத்த வீதியில் இரட்டை வீடுகள், அதற்கும் அப்பால் பங்களாக்கள். சாலையோரத்தில் அடுக்குமாடிகள். துரையும் கிராணியும் தொழிலாளியும் தனித்தனிக் குன்றில் இருந்தது தோட்டம். இங்கே டாக்டரும் லோரி ஓட்டுநரும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிறார்கள். ஒரு வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம், அடுத்த வீட்டில் சிவப்பு விளக்கு, அதற்கடுத்த வீட்டில் பெருநாள் பந்தல். பார்க்கவே மனம் நிறைகிறது அல்லவா?

ஆனால் மனம் நிறைந்ததும் பணத்தை எடுத்து நீட்டிவிடாதீர்கள். காலையில் அழகாக இருக்கும் வீதியை மாலை ஆறு மணிக்கு ஒரு முறை வந்து பாருங்கள். கல்லூரிக்குப் பக்கத்து வீதியில் உங்கள் வாசலிலேயே வேறொருவர் காரை நிறுத்தியிருப்பார். சுபாங் விமான நிலையம் பக்கத்தில் இருப்பதால், தலைக்கு மேல் விமானம் போகும் சத்தத்தையும் கேட்டுப் பாருங்கள். கோழி வளர்க்கலாம் என்ற ஆசையை இங்கேயே விட்டுவிடுங்கள். கறிவேப்பிலைக்கு ஒரு தொட்டி போதும்!

வீட்டுக்குள் நுழையும்போது

பழைய வீடாக இருந்தால் புதுச்சாயத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். கதவு நிலையை விரல் முட்டியால் தட்டுங்கள். பொள்ளென்று கேட்டால் உள்ளே கரையான். கூரைக்கு அடியில் பழுப்புக் கறை இருந்தால் ஒழுக்கு. எல்லாக் குழாய்களையும் ஒரே நேரத்தில் திறந்து தண்ணீர் எப்படி வருகிறது என்று பாருங்கள். அடுப்படியைப் பின்னால் இழுத்துக் கட்டியிருந்தால், மாநகர் மன்றத்தின் அனுமதி பெற்றுக் கட்டியதா என்று கேளுங்கள்.

இன்னொன்று. வயதான தாய் எங்கே படுப்பார்? படிக்கட்டு ஏற முடியாதவருக்குக் கீழே ஓர் அறையும் குளியலறையும் வேண்டும். வீடு பார்க்கப் போகும் இளைஞர்கள் வரவேற்பறையில் தொலைக்காட்சி எங்கே மாட்டலாம் என்று அளப்பார்கள். இதை அளக்க மறந்துவிடுவார்கள்.

அடுக்குமாடி என்றால் கணக்கு வேறு. மின்தூக்கி, குப்பை, காவல் எல்லாவற்றுக்கும் மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் உண்டு. அதற்கு மேல் பத்து விழுக்காடு சேம நிதி. பலர் கட்டாமல் விட்டால் மின்தூக்கி நின்றுபோகும். ஆகையால் அறிவிப்புப் பலகையைப் படியுங்கள். மின்தூக்கியில் ஒரு முறை ஏறி இறங்குங்கள். படிக்கட்டின் மூலையை மோந்து பாருங்கள். நிர்வாகம் எப்படி என்று மூக்கே சொல்லிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அக்கம்பக்கத்தாரிடம் பேசுங்கள். வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றும் சீன மூதாட்டியிடம், "மழை பெய்தால் தண்ணீர் ஏறுமா ஆன்டி?" என்று கேட்டுப் பாருங்கள். விற்பவர் சொல்லாததை அவர் சொல்வார்.

மண்ணுக்கு மேலும் கீழும்

தண்ணீரைப் பற்றி ஏன் கேட்கச் சொல்கிறேன் தெரியுமா? சுபாங் ஜெயாவிலிருந்து சற்றுத் தூரத்தில், ஷா ஆலம் 25-ஆம் பிரிவில் தாமான் ஸ்ரீ மூடா இருக்கிறது. நம்மவர் பலர் அரும்பாடுபட்டு வீடு வாங்கிய இடம். கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்ந்த நிலம். 1995-இல் அங்கே பெருவெள்ளம் வந்தது. 2021-ஆம் ஆண்டு டிசம்பர் 18-ஆம் தேதி மறுபடியும் வந்தது. கூரை மேலும் மாடியிலும் ஏறி நின்று படகுக்காகக் காத்திருந்தார்கள். சிலர் உயிரையே இழந்தார்கள். தண்ணீர் வடிந்த பிறகு, வாழ்நாளெல்லாம் சேர்த்த கட்டிலும் அலமாரியும் வீதியோரம் குப்பை மலையாகக் குவிந்து கிடந்தன.

பூத்ரா ஹைட்ஸில் ஆபத்து மண்ணுக்குக் கீழிருந்து வந்தது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் தேதி, நோன்புப் பெருநாளின் இரண்டாம் நாள் காலையில், நிலத்தடி எரிவாயுக் குழாய் வெடித்துப் பெருந்தீ எழுந்தது. பக்கத்து வீடுகள் பல எரிந்தன, பலர் காயமடைந்தனர். ஆகவே வீட்டின் நான்கு சுவரை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்தில் ஆறா, பெரிய லொங்காங்கா, உயர் அழுத்த மின்கம்பியா, மஞ்சள் எச்சரிக்கைக் கம்பம் நட்ட குழாய்ப் பாதையா என்று சுற்றி வந்து பாருங்கள். நல்ல மழை நாளில் குடையோடு ஒரு முறை வாருங்கள். அதற்குத்தான் குடை எடுக்கச் சொன்னேன்.

பணத்தின் கணக்கு

இப்போது ஐந்தடியில் ஒரு நிழல் தேடி உட்கார்ந்து கணக்குப் போடுவோம். உதாரணத்துக்கு 4 லட்சம் வெள்ளி வீடு. வங்கி 90 விழுக்காடு கொடுத்தால், கையிலிருந்து 40,000 வெள்ளி வேண்டும். பெயர் மாற்றத்துக்கான முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, அடுத்த 4 லட்சத்துக்கு இரண்டு விழுக்காடு. ஆக 7,000 வெள்ளி. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, அது 1,800 வெள்ளி. வழக்கறிஞர் செலவு தனி. முதல் வீடு வாங்குபவருக்கு முத்திரை வரிச் சலுகை உண்டா என்று வழக்கறிஞரிடம் கட்டாயம் கேளுங்கள்.

மீதி 3 லட்சத்து 60 ஆயிரத்தை 4 விழுக்காடு வட்டியில் 35 வருஷத்துக்கு எடுத்தால், மாதம் ஏறக்குறைய 1,600 வெள்ளி. கட்டி முடிக்கும்போது மொத்தம் 6 லட்சத்து 70 ஆயிரம் அளவுக்குப் போயிருக்கும். 2025-இல் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஆகவே ஒருவர் சம்பளத்தில் இது நடக்கிற காரியமில்லை. பாதி விலையில் ஓர் அடுக்குமாடி வீடோ, பட்டணத்துக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஒற்றை மாடி வீடோ நம் கைக்கு அடக்கமாக இருக்கலாம். சிலாங்கூரில் இருப்பவர்கள் "ருமா சிலாங்கூர்கூ" திட்டத்துக்கும் பதிந்து வைக்கலாம். சம்பளச் சீட்டு இல்லாதவர்கள் எஸ்.ஜே.கே.பி. என்ற அரசாங்க உத்தரவாதத் திட்டத்தைப் பற்றி வங்கியில் விசாரிக்கலாம்.

சேமநிதியில் 2024-ஆம் ஆண்டு மே மாதத்திலிருந்து மூன்று கணக்குகள். வீட்டுக்காக எடுப்பது "செஜாத்ரா" கணக்கிலிருந்து.

புதிய வீடு வாங்குகிறவர்கள் சில விஷயங்களை மறக்க வேண்டாம். மேம்பாட்டாளருக்கு உரிமம் உண்டா என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் "புக்கிங்" பணம் வாங்க அவருக்கு அனுமதி இல்லை. தரை வீட்டை 24 மாதத்திலும், அடுக்குமாடியை 36 மாதத்திலும் ஒப்படைப்பது சட்டத்தின் பொதுவான கெடு. சாவி வாங்கிய பிறகு 24 மாதத்துக்குள் விரிசலோ ஒழுக்கோ கண்டால் அவர் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வீடு வாங்குவோர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை அங்கே கேட்கலாம். எந்த வீடானாலும் நிலம் நிரந்தர உரிமையா, 99 வருஷக் குத்தகையா, பூமிபுத்ரா ஒதுக்கீடா என்று நில அலுவலகத்தில் தேடிப் பார்க்காமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

பத்திரத்தில் யார் பெயர்?

கடைசியாக ஒரு விஷயம். இதைச் சொல்லக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் நம் குடும்பத்துக்குள் பேசுவதுபோல் பேசிவிடுகிறேன்.

ஓய்வு பெற்ற அப்பா தம் சேமநிதியை முன்பணமாக அப்படியே கொடுக்கிறார். கடன் மகன் பெயரில், பத்திரமும் மகன் பெயரில். மகன் நல்ல பிள்ளைதான். ஆனாலும் நாளைக்கு ஒரு மனஸ்தாபம் வந்தால், தோட்டத்தில் சாவியைக் கொடுத்துவிட்டு நின்ற மனிதர், சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டின் வாசலிலும் அதேபோல் நிற்க நேரும். வீடு வாங்குவதற்கு முன்னால் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள். யார் எவ்வளவு போடுகிறோம், யார் யார் பெயர் பத்திரத்தில் வரும், அப்பா அம்மாவுக்கு எந்த அறை என்பதை வழக்கறிஞர் முன் தெளிவாக்குங்கள். கைச்செலவுக்கும் வைத்தியத்துக்கும் பெரியவர்கள் கையில் கொஞ்சம் மிச்சம் இருக்கட்டும். பிள்ளைகளே, இதைக் கேட்டால் அப்பா சந்தேகப்படுகிறார் என்று நினைக்காதீர்கள். அவர் ஏற்கெனவே ஒரு வீட்டை விட்டு வந்தவர்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், துன் சம்பந்தன் 1960-ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைத் திரட்டி, கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார். பால் வெட்டிய கைகள் சேர்ந்தால் தோட்டத்தையே வாங்கலாம் என்று அப்போது தெரிந்தது. ஒரு குடும்பம் சேர்ந்தால் ஒரு வீடு வாங்க முடியாதா?

சரி, வெயில் தாழ்ந்துவிட்டது. ரயிலுக்கு நேரமாகிறது. இன்றைக்குப் பார்க்கத்தான் வந்தோம், வாங்க வரவில்லை. பத்து வீடு பாருங்கள், நூறு கேள்வி கேளுங்கள், ஒரு கையெழுத்துப் போடுங்கள். அந்தக் கையெழுத்துக்குப் பிறகு கையில் வரும் சாவி, யாருக்கும் திருப்பிக் கொடுக்க வேண்டாத சாவியாக இருக்கட்டும்.

பால் காய்ச்சும் நாளுக்கு எங்களையும் அழைக்க மறந்துவிடாதீர்கள்!