தினம் ஒரு குறுந்தொகை

பழைய பாட்டு ஒன்றை வாய்விட்டுப் படித்து எத்தனை வருஷம் ஆகிறது உங்களுக்கு? பள்ளிக்கூடத்தில் மனப்பாடச் செய்யுள் ஒப்பித்ததோடு சரி என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் கண்ணால்தான்.

கும்பகோணத்தில் எங்கள் காலை நடை கோஷ்டியில் பதினோரு பேர். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். அதில் ஒருவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்களுக்கு அவர் ஐயா. போன தை முதல் தேதி அவர் ஒரு பந்தயம் வைத்தார். குறுந்தொகையிலிருந்து தினம் ஒரு பாட்டு, நூறு நாள். காலை 8 மணிக்குள் ஒவ்வொருவரும் அதைத் தம் குரலில் பதிவு செய்து வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். வெட்டி ஒட்டக் கூடாது. உச்சரிப்பு பிசகினால் ஐயா சொல்வார், மறுபடி பேசி அனுப்ப வேண்டும்.

ஏன் குறுந்தொகை என்று கேட்டோம். "உங்க மூச்சுக்கு அதுதான் தாங்கும்" என்றார். உண்மைதான். கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாட்டு. எல்லாம் நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள். 307, 391 ஆகிய இரண்டு மட்டும் ஒன்பது அடி. பேரன் பள்ளிக்கூட வேன் ஏறுவதற்குள் ஒரு பாட்டை முடித்துவிடலாம். அதோடு நம் ஊருக்கு ஒரு பாத்தியதையும் உண்டு. 1937இல் குறுந்தொகையை உரையோடு பதிப்பித்த உ.வே.சாமிநாதையர், 1880 முதல் 1903 வரை நம் கும்பகோணம் கல்லூரியில்தான் தமிழ்ப் பண்டிதராக இருந்தார்.

கண்ணால் படிக்கும்போது புரியாத சொல்லைத் தாண்டிப் போய்விடலாம். வாயால் படிக்கும்போது அது நடக்காது. எங்கே சொல்லைப் பிரிப்பது, எங்கே நிறுத்துவது என்று தெரியாவிட்டால் நாக்கு அங்கேயே நின்றுவிடும். அதனால் முதல் நாள் ராத்திரியே உரையைப் புரட்டி, பென்சிலால் கோடு போட்டுப் பிரித்து வைத்துக்கொள்வோம்.

யார் பேசுகிற பாட்டு என்பதையும் பார்த்தாக வேண்டும். ஒவ்வொரு பாட்டின் கீழும் தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று குறிப்பு இருக்கும். தலைவனைப் பிரிந்து தூக்கம் வராத இளம்பெண்ணின் பேச்சை, எழுபத்திரண்டு வயதில், இருமலை அடக்கிக்கொண்டு நான் பேச வேண்டும். என் மனைவி சமையலறையிலிருந்து சிரித்த சிரிப்பு ஒரு பதிவில் அப்படியே விழுந்திருக்கிறது. வெட்டக் கூடாது என்பது விதி, அனுப்பிவிட்டேன்.

இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். எங்களில் ஒருவர் வங்கியில் தலைமைக் காசாளராக இருந்தவர். கணீரென்ற குரல். கூப்பிட்டால் தெருக்கோடி வரை கேட்கும். போன ஐப்பசியில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கைகால் ஓரளவு திரும்பிவிட்டது, பேச்சுதான் குழறியது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவர், தினமும் சொல் சொல்லாக, மெதுவாக, சத்தம் போட்டுப் படிக்கச் சொல்லியிருந்தார். செய்தித்தாளைப் படிக்க அவருக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் தலையை மட்டும் ஆட்டுவார்.

குழுவில் அவரும் இருந்தார். எங்கள் பதிவுகளைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தவர், முப்பத்தோராம் நாள் தானே ஒன்று அனுப்பினார். ஆறு அடிப் பாட்டுக்கு இரண்டே முக்கால் நிமிஷம். பாதிச் சொற்கள் தெளிவாக இல்லை. நாங்கள் ஆளாளுக்குக் கைகூப்பும் படமும் பூங்கொத்துப் படமும் போட்டோம். ஐயா ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாளும் அனுப்பினார். மறுபடி பூங்கொத்து. மூன்றாம் நாள் பாட்டு வரவில்லை, ஐயாவுக்கு ஒரு குரல் செய்திதான் வந்தது. "எல்லாருக்கும் தப்பு சொல்றீங்க. எனக்கு மட்டும் பூங்கொத்தா சார்?" ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்திக் கேட்டிருந்தார். குழுவில் ரொம்ப நேரம் யாரும் எதுவும் போடவில்லை.

அன்று சாயங்காலம் ஐயா அவர் வீட்டுக்கே போனார். மறுநாளிலிருந்து அவருக்கும் திருத்தம் வர ஆரம்பித்தது. ழகரத்துக்கு நாக்கு நுனி மேலே வளைய வேண்டும், அண்ணத்தைத் தொடக் கூடாது. தொட்டால் ளகரம் ஆகிவிடும். ஐயா இன்னொரு வழியும் காட்டிக் கொடுத்தார். ஆசிரியப்பாவில் அடிக்கு நான்கு சீர். நேரிசை ஆசிரியப்பாவானால் கடைசிக்கு முந்தின அடிக்கு மூன்றே சீர். "அந்தக் குறைச்சல் உங்களுக்காகவே விட்ட இடம்னு வெச்சுக்குங்க. அங்க மூச்சு வாங்கிட்டுக் கடைசி அடிக்குப் போங்க" என்றார். சில நாள் மூன்று தடவை திருப்பி அனுப்பியதும் உண்டு. அவர் வீட்டம்மாவுக்கு இதில் கோபம்தான், உடம்பு முடியாதவரைப் போட்டு வதைப்பதா என்று. அவரோ காபி ஆறினாலும் பரவாயில்லை என்று நாலாவது தடவை பேசுவார்.

நூறாவது நாள் சித்திரை 10. அன்றைய பாட்டை அவர் ஒரு நிமிஷத்துக்குள் முடித்தார். பழைய கணீர் இல்லை. ழகரம் இன்னும் பாதி ளகரமாகத்தான் வருகிறது. ஐயா அதையும் சொன்னார். ஆனால் இப்போது வீட்டுக்குப் போனால் வாசலிலேயே, "வாங்க, உட்காருங்க" என்று அவர் குரல் கேட்கிறது.

குறுந்தொகையில் சில புலவர்களின் இயற்பெயரே நமக்குத் தெரியாது. செம்புலப் பெயனீரார், ஓரேருழவனார் என்று அவர்கள் பாட்டில் வந்த தொடராலேயே அவர்களை அழைக்கிறோம். பெயர் போனாலும் சொன்ன சொல் நின்றது. நம் பதிவுகள் அவ்வளவு காலம் நிற்கப் போவதில்லை. இருக்கிற காலத்தில் இருக்கிற குரலை உபயோகிக்கலாமே.

ஆடிப்பெருக்கு முதல் நாலடியார் தொடங்குகிறோம். 400 வெண்பா, எல்லாம் நாலே அடி. காசாளர் முதல் ஆளாகப் பெயர் கொடுத்துவிட்டார். நீங்களும் உங்கள் தெருவில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஆரம்பியுங்கள். செல்போனை முகத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடியுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். தப்பு சொல்ல மட்டும் ஒருவர் அவசியம் வேண்டும்.