ஆமணக்கெண்ணெயும் ஊசி வால்வும்

ஆத்தூர், இராசிபுரம் பக்கத்து மானாவாரிக் காடுகளில் நிலக்கடலைக்கு வரப்புப் பயிராக நிற்கும் ஆமணக்கைக் காணும்போதெல்லாம், நம் குடியானவர்கள் கொட்டமுத்து என்று சொல்லும் அந்த வித்தின் எண்ணெயே என் ரேடியோ விமானங்களின் சிறு எஞ்சின்களுக்கு ஜீவாதாரம் என்ற நினைவு எனக்கு எழாமல் இருப்பதில்லை. முதல் உலக யுத்தத்தில் நோம் முதலிய சுழல் எஞ்சின்கள் பூட்டிய போர் விமானங்களும் இதே எண்ணெயை மசகாகக் கொண்டே பறந்தன.

1947-ஆம் வருஷத்தில் அமெரிக்கரான ரே ஆர்டன் அறிமுகப்படுத்திய, இச்சிறு எஞ்சின்களைப் பற்றவைக்கும் க்ளோ பிளக்கில் பிளாட்டினக் கம்பிச்சுருள் ஒன்று உண்டு; ஒன்றரை வோல்ட் பாட்டரியால் அதைச் சிவக்கவைத்து எஞ்சினைக் கிளப்பிவிட்டால், பிறகு பாட்டரியை எடுத்துவிட்டாலும், எரிபொருளான மெத்தனாலின் ஆவி பிளாட்டினத்தின் மேல் படுவதால் உண்டாகும் ரசாயன விளைவும் சிலிண்டருக்குள் எழும் உஷ்ணமும் சேர்ந்து அந்தச் சிவப்பை அணையவிடாமல் காக்கின்றன. மெத்தனாலில் சாதாரண எஞ்சின் ஆயில் கரையாது. ஆமணக்கெண்ணெய் பூரணமாகக் கரையும். உஷ்ணம் அளவு கடக்கும்போது செயற்கை எண்ணெய்கள் பல எரிந்து விலகிவிட, இதுவோ உலோகத்தின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு பிஸ்டனைக் காப்பாற்றும். 80 பங்கு மெத்தனால், 20 பங்கு ஆமணக்கெண்ணெய் என்பது சர்வதேசப் போட்டிகளிலும் வழங்கும் கலவை. நைட்ரோமீத்தேன் சேர்த்தால் மெதுவோட்டம் இன்னும் சீராகும் என்பது உண்மையே. ஆயினும் நம் பக்கத்து வெயிலுக்கு அது அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால் வித்தை வறுத்து இடித்து நீரிட்டுக் காய்ச்சி எடுக்கும் வீட்டு எண்ணெய் விளக்குக்கு உத்தமமேயன்றி எஞ்சினுக்கு ஆகாது. சுத்திகரித்து ஈரம் நீக்கியதையே வாங்க வேண்டும்.

மெத்தனாலோ கொடிய விஷம். பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலைகூடக் கண்ணுக்குத் தெரியாது. 2024 ஜூனில் நமக்கு அண்டையிலுள்ள கள்ளக்குறிச்சியில் அது கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனதையும், உயிருக்குப் போராடியவர்கள் சேலம் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டதையும் அறிந்த பிறகு, கேனைப் பூட்டி வைக்காதவரோடும், அதன்மேல் பெரிய எழுத்தில் ‘விஷம்’ என்று சீட்டு ஒட்டாதவரோடும் சேர்ந்து நான் விமானம் விடுவதில்லை.

எஞ்சினைச் சீராக ஓட்டும் கலையின் சூட்சுமம் முழுதும், எரிபொருளின் அளவைக் கட்டுப்படுத்தும் ஊசி வால்வில் இருக்கிறது. இரண்டு, இரண்டரைச் சுற்று திறந்து எஞ்சினைக் கிளப்பி, முழு வேகத்தில் வைத்து, புரொப்பெல்லருக்குப் பின்னால் நின்றுகொண்டு மெல்ல மெல்ல மூடிவந்தால், கரகரவென்று விட்டுவிட்டு ஒலித்த சத்தம் ஓரிடத்தில் தெளிந்து ஒரே சுருதியாக ஓங்கும். அங்கேயே விட்டுவிடலாம் என்று மனம் சொல்லும். விடலாகாது. இரண்டு மூன்று கிளிக் திரும்பத் திறந்து, வேகம் சற்றே தாழ்ந்து, சைலன்சரிலிருந்து வெண்புகை இழையாக வரும், எரிபொருள் சற்று மிகுந்த ‘ரிச்’ நிலையில் நிறுத்த வேண்டும். ஏனெனில் விமானம் பறக்கத் தொடங்கியதும் புரொப்பெல்லரின் பாரம் குறைந்து எஞ்சின் தானே வேகம் கொள்கிறது; செங்குத்தாக ஏறுகையிலோ பின்னாலிருக்கும் டாங்கி தாழ்ந்துபோக, எரிபொருள் மேல்நோக்கி ஏறிவர வேண்டியிருக்கிறது. ஆகையால் தரையிலேயே மூக்கை வானத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பரீட்சிப்பது உத்தமம்: சுருதி இம்மியளவு ஏறினால் சரி, தளர்ந்தால் எஞ்சின் எரிபொருள் குறைந்து ‘லீனாக’ ஓடுகிறது. நாமக்கல் லாரிப் பட்டறைகளில் பழகிய இளைஞர்கள், எஞ்சினைக் காதால் அறிகிறவர்களாதலால், இதில் வெகு சீக்கிரம் தேர்ச்சி பெறுகிறார்கள். மார்கழிக் காலையில் காற்று அடர்ந்திருப்பதால் வால்வைச் சிறிது கூடுதலாகத் திறக்க வேண்டியிருக்கும். சித்திரை நடுப்பகலில் காற்று லேசாகி அந்தத் தேவை குறையுமாயினும், வற்றிய ஏரிப்படுகையின் அனலில் அதிகம் மூடத் துணிவது பிஸ்டனுக்குக் கேடு.

மாலையில் எரிபொருள் குழாயை நசுக்கிப் பிடித்து, எஞ்சினைத் தானாக வற்றி நிற்கவிட்டு, கார்புரேட்டரில் சில சொட்டு எண்ணெய் விட்டுச் சுழற்றி வைக்கவேண்டும். மெத்தனால் ஈரத்தை உறிஞ்சும் சுபாவமுடையதாகையால், மிச்சம் நின்றால் பேரிங்குகள் துருப்பிடிக்கும். நாள்பட்டு ஆமணக்குப் பசையில் இறுகிப்போன எஞ்சினை ஒருபோதும் குறடு போட்டுத் திருப்ப வேண்டாம். சூடான காற்றில் காட்டினால் பசை இளகி, தண்டு கைக்கே சுழலும்.